போடாத ஊசி

வலி இடது குதிங்காலுக்கு வந்து சேர்ந்தபோது உலகம்மாள் ஜிம்முக்குப் போகிற மாடிப்படியில் பாதியில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் கிளம்பி, பிட்டத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு குதிங்காலுக்கு வரும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோடு மாதிரி அந்தப் பாதை அவளுக்கு மனப்பாடம். கீழே டைல்ஸ் கடையில் கல் அறுக்கிற மிஷின் ஒரு இழுப்பு இழுத்து ஓய்ந்தது. கைப்பிடிக் கம்பி சாரலில் நனைந்து சில்லென்று இருந்தது. ஏறுவதா, இறங்குவதா? இறங்கினால் தெருமுனையில் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி மாடியில் நர்ஸுகளின் டூட்டி ரூம், டூட்டி ரூமில் இவளோடு வேலை பார்க்கிற ஜெசிந்தா. காலையில் போனில் குரலைக் கேட்டதுமே ஜெசிந்தா கண்டுபிடித்துவிட்டாள். "என்னத்துக்குக்கா கெடந்து சாகுதிய? பதினோரு மணிக்கு இங்க வாங்க, ஒரு ஊசியப் போட்டு விடுதேன். மத்தியான டூட்டிக்கு ஜம்முனு நிப்பிய." அதற்கு உலகம்மாள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வேண்டாம் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். "சரிட்டீ, வாரேன்" என்று சொல்லிவிட்டது இந்தப் பாழாய்ப்போன வாய். பங்குனியில் நிறுத்திய ஊசி. அபின் வகையறா மருந்து, பூட்டிய அலமாரியில் தனியாக இருக்கிற மருந்து. இதோ ஆடி பிறந்துவிட்டது, அதுவரைக்கும் பல்லைக் கடித்து இருந்தாயிற்று, கடைசியில் ஒரு போனில் சரி என்று சொல்லிவிட்டாளே. ஜெசிந்தா என்ன விஷமா கொடுக்கிறாள், பாசத்தில்தானே சொல்கிறாள் என்று ஒரு மனசு. பாசத்தில்தான் முதல் தடவையும் போட்டாள் என்று இன்னொரு மனசு. சரி, பதினோரு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கிறது, அதுவரை மேலே போய் இருந்து பார்ப்போம், தாங்க முடியாவிட்டால் அப்புறம் ஜெசிந்தா இருக்கவே இருக்கிறாள் என்று தனக்கும் தனக்கும் ஒரு பேச்சுவார்த்தையை முடித்துக்கொண்டு, வலது காலை மேல் படியில் வைத்து, இடது காலைச் சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொள்கிற மாதிரி பக்கத்தில் சேர்த்து ஏறினாள்.

காலை பத்து மணிக்கு மேல் அங்கே லேடீஸ் டைம். ரோட்டைப் பார்த்த கண்ணாடியை மறைத்து ஒரு பழைய சுங்குடிச் சேலையை இழுத்து விட்டிருப்பார்கள். சுவரில் புஜத்தை முறுக்கிக்கொண்டு நிற்கிற வெள்ளைக்காரன் படத்தின் மேலும் ஒரு துண்டு தொங்கும். யாரைப் பார்த்து யாருக்கு வெட்கம் என்று உலகம்மாளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. சொல்லிக்கொடுக்கிறவள் ஷாகிதா, கடையநல்லூர்க்காரி, முப்பது வயசுக்குள்தான் இருக்கும். பெண்ணாக இருந்தாலும் எல்லாருக்கும் அவள் மாஸ்டர். மாஸ்டர் இவள் உள்ளே வந்த தினுசை ஒரு பார்வை பார்த்தாள். "நேத்து என்ன செஞ்சிய?" "ஒண்ணும் செய்யலியே." "போர்வையெல்லாம் துவைச்சியளோ?" உலகம்மாள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். எப்படித்தான் கண்டுபிடிக்கிறாளோ, இவளைப் போலீசில் சேர்த்திருக்க வேண்டும். "எங்கம்மாவும் மொட்ட மாடி பூரா காயப் போட்டுட்டு இன்னைக்குப் படுத்துக் கெடக்காக," என்றாள் மாஸ்டர், "வாங்க, மொதல்ல நடங்க." என்ன செய்வது, சாரல் மாசத்தில் ஒரு நாள் வெயில் முகத்தைக் காட்டிவிட்டால் தென்காசிப் பொம்பளைகளுக்குக் கை சும்மா இருக்காது. வாரக்கணக்கில் ஈரம் ஊறிய போர்வை, ஜமுக்காளம், ஜன்னல் திரை, தலையணை உறை, எல்லாம் வாளிக்குள் வந்துவிடும். நேற்றுக் காலையில் கண் விழித்தபோது வலியே இல்லை, இடுப்பு இருக்கிற இடமே தெரியவில்லை. வெளியே பார்த்தால் வெயில். இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து வந்தால் ஒரு மனுஷி என்ன செய்வாள்? புருஷன் முருகையா வேலைக்குப் போகும்போதே சொல்லிவிட்டுத்தான் போனார், போர்வையைத் தொடாதே, சாயங்காலம் வந்து நான் முறுக்கித் தாரேன் என்று. சாயங்காலம் வரைக்கும் வெயில் இவருக்காகக் காத்திருக்குமாக்கும். திருநெல்வேலி வலி டாக்டரும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார், வலி குறைந்த அன்றைக்குத்தான் நீங்கள் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும், வலிக்கிற அன்றைக்கும் கொஞ்சம் செய்யுங்கள், வலிக்காத அன்றைக்கும் அதே கொஞ்சம்தான் செய்யுங்கள் என்று. கேட்கும்போது தலையை ஆட்டுகிறோம். நல்ல நாள் வந்தால் தலை எங்கேயோ போய்விடுகிறது. ஈரப் போர்வை முறுக்கும்போதே லேசாக ஒரு சுண்டு சுண்டியது. கேட்டாளா? கேட்கவில்லை.

நடக்கிற மிஷினில் மெதுவாக நடந்தாள். முதல் கொஞ்ச நேரம் ஒவ்வொரு அடிக்கும் இடது கால் கேள்வி கேட்கும், அப்புறம் கேட்டு அலுத்துவிடும், அது அவளுக்குத் தெரியும். மூச்சை உள்ளே இழுத்து, அதைவிட நிதானமாக வெளியே விட்டாள். வலி என்றால் உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தம் இல்லை, அந்த டாக்டர் சொல்லியிருந்தார். திருடன் எப்பவோ போய்விட்டான், வீட்டு நாய் மட்டும் பழக்கத்தில் குரைத்துக்கொண்டிருக்கிறது, அதட்டாதீர்கள், பயப்படாதீர்கள், உங்கள் வேலையைப் பாருங்கள், அதுவாக அடங்கும். நல்ல மனுஷன். ஆனால் நாய் அவர் வீட்டிலா குரைக்கிறது? அதுவும் அடங்கியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனி மாசம் முழுக்க அடங்கிக் கிடந்தது. சுடுதண்ணிப் பை, ராத்திரிக்கு ஒரு நரம்பு மாத்திரை, காலையில் நடை, பிறகு இந்த இரும்பு, இவ்வளவுதான். முதுகு போனவள் இரும்பு தூக்கப் போகிறாளாம் என்று மூத்தார் பெண்டாட்டி தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். ஒருத்தி பூண்டு எண்ணெய் தேய்க்கச் சொன்னாள், ஒருத்தி கட்டாந்தரையில் படுக்கச் சொன்னாள், ஒருத்தி மருதமலைக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாள். மூன்றையும் செய்தாள். வலிக்கிறவள் எதைத்தான் செய்யமாட்டாள்? வார்டில் மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வார்டில் சொல்லமாட்டார்கள், கையை நீட்டச் சொல்லுவார்கள். அது அங்கே வழக்கம். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள் நோய் என்று சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே வரிசையில் உட்கார்ந்தால் அது கௌரவக் குறைச்சல். காய்ச்சலோ, வாந்தியோ, கழுத்துப் பிடிப்போ, டூட்டி ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினால் ஒருத்திக்கு இன்னொருத்தி ஊசி போட்டு விடுவாள், டாக்டர் போகிற போக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். எத்தனை பேருக்கு இவளே போட்டு விட்டிருக்கிறாள். போட்டுவிட்டு அந்த இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே வீட்டுக் கதை பேசுவாள். முதுகில் ஆப்பரேஷன் ஆன பிறகும் வலி விடாமல் இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றைக்கு ஜெசிந்தாவும் அப்படித்தான் கதவைச் சாத்தினாள்.

ஆகா, அது எப்படி இருந்தது. அதை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நினைத்தாள். கை நரம்பில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் வெதுவெதுப்பாக ஒன்று பரவும், முதுகு என்று ஒன்று தனக்கு உண்டு என்பதே மறந்துபோகும், மின்விசிறிச் சத்தம்கூட நல்லவிதமாகக் கேட்கும். யார் மேலும் கோபம் வராது. அந்தக் காலத்தில் முருகையா ரொம்ப நல்லவராக இருந்தார், பாவம், அவர் எப்போதும் போலத்தான் இருந்திருப்பார். முதலில் வலித்தால் போட்டாள். பிறகு வலிக்கப் போகிறது என்று போட்டாள். பிறகு டூட்டிக்கு வந்தால் போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள், குளித்து, தலை சீவி, வெள்ளைப் புடவையை உடுத்தி, பின் குத்திக்கொண்டு வாசல் நடைக்கு வந்தவளை முருகையா பேப்பருக்கு மேலாக நிமிர்ந்து பார்த்து, "இன்னைக்கு லீவுல்லா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். இவளுக்கு ஒரு பொய் சட்டென்று வந்தது, யாரோ வரவில்லையாம், கூப்பிட்டார்கள் என்று. அதைச் சொல்வதற்கு வாயைத் திறந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது அந்த அலமாரி. அப்படியே வாசல் நடையில் உட்கார்ந்து அழுதாள். மறுநாளே திருநெல்வேலிக்குப் போனார்கள். டாக்டர் ஒரேயடியாக நிறுத்தவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் குறைத்துப் பங்குனியில் முடித்தார். அந்த மாசங்களில் வேர்த்த வேர்வையும், வந்த கொட்டாவியும், காரணமில்லாமல் தட்டை விட்டெறிந்ததும் இருக்கிறதே, எதிரிக்கும் வேண்டாம். டூட்டி ரூமில், "இனி எனக்கு எடுக்காதட்டீ" என்று ஜெசிந்தாவிடம் சொன்னாள். ஜெசிந்தா அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே "நல்லதுக்கா" என்றாள்.

"நடந்தது போதும், இங்க வாங்க," என்றாள் மாஸ்டர். தரையில் கம்பி மட்டும் கிடந்தது, இரண்டு பக்கமும் தட்டு மாட்டவில்லை. உலகம்மாளுக்கு முகம் சுருங்கியது. போன வாரம் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று மாட்டித் தூக்கினோமே, இன்றைக்கு வெறுங் கம்பியா, நேற்றுச் சேர்ந்த மளிகைக்கடைப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாளே. நாற்பத்தாறு வயசில் இது என்ன ரோஷமோ. "மாஸ்டர், சின்னத் தட்டு ஒண்ணு போடலாம்லா?" "போர்வையத்தான் நேத்துத் தூக்கிட்டியல்லா, அது போதும்." குனிந்து கம்பியைப் பிடித்தாள். வயிற்றை இறுக்கு, மூச்சைப் பிடி, காலால் தரையைத் தள்ளு. எழும்பியது. எழும்பும்போது இடுப்பிலிருந்து ஒரு மின்சாரம் கால் முழுக்க ஓடியது, கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் கம்பி தொடை வரைக்கும் வந்து நின்றது. பத்துக்கு எவ்வளவு என்று கேட்பார்கள், இவளே வார்டில் ஆயிரம் பேரிடம் கேட்டிருக்கிறாள், பத்துக்கு எவ்வளவு வலிக்குதுப்பா, சொல்லு. அவனவன் ஏழு என்பான், பத்து என்பான், ஒரு கிழவர் நூறு என்றார், எழுதிக்கொண்டு போய்விடுவாள். தன்னிடம் கேட்டால் என்ன சொல்ல? ஆறு என்று சொன்னால் ஊசிக்குப் போக வேண்டாம், எட்டு என்று சொன்னால் போகலாம். ஆறா எட்டா என்று வலியைக் கேட்டால் அது நாணயமாகச் சொல்லுமா? ஊசி வேண்டும் என்கிற நாளில் எட்டு என்றுதான் சொல்லும். கம்பியை இறக்கினாள். மறுபடி எடுத்தாள். ஒரு பயம் உள்ளேயிருந்து மெதுவாகத் தலையைத் தூக்கியது. இது இப்படியேதான் இருக்குமோ, அறுபதிலும் எழுபதிலும், தான் புரட்டிப் போட்ட நோயாளிகள் மாதிரி தன்னையும் எவளாவது ஒருத்தி துப்பட்டியோடு சேர்த்துப் புரட்டிப் போடுவாளோ, அன்றைக்குத் தாங்கத்தானே போகிறோம், இன்றைக்கு எதற்கு இந்தப் பிடிவாதம், ஒரே ஒரு ஊசி, ஒரு நாள், யாருக்குத் தெரியப் போகிறது. யாருக்குத் தெரியும் என்ற இடத்தில் வந்து மனசு முள்ளில் மாட்டிய சேலை மாதிரி நின்றது. முருகையாவுக்குத் தெரியும், கேட்கமாட்டார், ஆனால் தெரியும். நாளைக்கும் வலித்தால்? நாளைக்கும் ஒரே ஒரு ஊசிதானே. கம்பியை இறக்கினாள், மறுபடி எடுத்தாள். எப்போது என்று தெரியவில்லை, நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, வலி இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் அதைப் பற்றிய விசாரம் கொஞ்சம் இளகியிருந்தது. தொடை சூடேறியிருந்தது. சேலைத் திரைக்குப் பின்னால் சாரல் கண்ணாடியில் பொடிப்பொடியாக விழுவது கேட்டது. பசித்தது. மத்தியானத்துக்குக் கொண்டுவந்த புளிச்சாதமும் அவித்த முட்டையும் ஞாபகம் வந்தது. வலியோடும் பசிக்கும் போலிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சரி, போகவேண்டாம் என்று அவள் முடிவு செய்தாளா என்றால், அப்படி ஒரு முடிவை உட்கார்ந்து செய்யவில்லை. பெஞ்சில் மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவந்து பிடித்தபோது, மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும் என்று தோன்றியது, தோன்றியும் எழுந்திருக்கவில்லை. போன் அடித்தது. ஜெசிந்தா.

"எக்கா, எங்க இருக்கிய? எடுத்து வச்சிட்டுப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"ஏட்டி, எனக்கு வேண்டாம்."

"எதுக்கு? வலி நின்னுட்டா?"

"நிக்கல்ல. வலிக்கத்தான் செய்யி. இருந்துட்டுப் போட்டும்."

ஜெசிந்தா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். வீம்பு பிடிக்காதிய, யாருக்கு நிரூபிக்கப் போறிய என்று ஒரு பாட்டம் பாடுவாள், இவளும் பதில் சொல்லுவதற்குத் தயாராகத்தான் இருந்தாள். ஜெசிந்தா திட்டவில்லை. "சரிக்கா, அப்ப நான் பாத்துக்கிடுதேன்," என்றாள், சாதாரணமாக, கொஞ்சம் அவசரமாக. போனை வைக்கப் போகிற அவசரம். அந்த அவசரம் உலகம்மாளுக்குத் தெரியும். லீவு நாளில் வெள்ளைப் புடவை உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்த அவசரம் அது. அவள் பெஞ்சில் எழுந்து உட்கார்ந்தாள், உட்கார்ந்த வேகத்தில் இடுப்பு ஒரு வெட்டு வெட்டியது.

"என்னத்தப் பாத்துக்கிடுவ?"

"இல்லக்கா, குப்பிய ஒடச்சாச்சு. வீணாப் போயிரும்லா."

"ஜெசி."

"தல இடிக்குக்கா. அந்த ஒத்தத் தலவலி. கண்ணே தொறக்க முடியல."

"எப்பருந்துட்டீ போடுத?"

மளிகைக்கடைப் பெண் டம்பெல்ஸை ரேக்கில் வைத்தாள், அந்த இரும்புச் சத்தம் அடங்குகிறவரை உலகம்மாள் காதில் போனை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"நீங்க நிறுத்துனதுல இருந்து. நம்ம டாக்டர் உங்களுக்குன்னு எழுதுனது, நீங்க வேண்டாம்னு சொன்னத நான் அவர்ட்ட சொல்லல. உங்க பேர்லதான் எடுக்கேன். ஏசுங்கக்கா."

அடிப்பாவி என்று தொண்டை வரைக்கும் வந்தது. என் பேரிலா? நான் வேர்த்து, கொட்டாவி விட்டு, தட்டை எறிந்து, வாசல் நடையில் உட்கார்ந்து அழுது விட்ட மருந்து, என் பேரைச் சொல்லிக்கொண்டே அந்த அலமாரியிலிருந்து வந்துகொண்டுதான் இருந்ததா? கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே, மறைக்க என்ன இருக்கிறது, பொறாமை வந்தது. இவள் சுடுதண்ணிப் பையைக் கட்டிக்கொண்டு புரண்ட ராத்திரிகளில் ஜெசிந்தாவுக்கு நெஞ்சுக்குள் வெதுவெதுவென்று இருந்திருக்கும். இந்த நிமிஷம் அது அங்கே ஊசிக்குள் ஏறி, மூடி போட்டு, தட்டில் இருக்கிறது. இவள் போனால் இவளுக்கு, போகாவிட்டால் அவளுக்கு. உலகம்மாளுக்கு வாயில் எச்சில் ஊறியது, அதை அவள் விழுங்கினாள். ஜெசிந்தா முப்பத்திரண்டு வயசுப் பிள்ளை. புருஷன் மஸ்கட்டில். இவளைவிட ஒரு பிடி சதை குறைவு, அந்த உடம்பு அதே அளவு மருந்தை எப்படித் தாங்கும்?

மிஞ்சின மருந்தைக் கொட்டுவதற்கு அவர்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. இந்த அலமாரி மருந்தை ஒருத்தி தனியாகக் கொட்டக் கூடாது, இன்னொருத்தி பக்கத்தில் நின்று கண்ணால் பார்க்க வேண்டும். படிக்கிற காலத்திலேயே அதைத் தலையில் ஏற்றித்தான் அனுப்புவார்கள்.

"போனத் தூக்கிக்கிட்டு வாஷ்பேசினுக்குப் போ," என்றாள் உலகம்மாள்.

"அக்கா, இன்னைக்கு மட்டும்."

"நானும் இன்னைக்கு மட்டும்னுதான் காலைல ஒனக்குச் சரி சொன்னேன். போ. போனக் கல்லு மேல வச்சிட்டு குழாயத் தொற. நான் பக்கத்துல நிக்கேன்னு வச்சுக்கோ."

செருப்புச் சத்தம் கேட்டது, கதவு ஒன்று. பிறகு குழாய் திறந்துகொண்டது. தண்ணீர் பீங்கானில் விழுகிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் எப்போது மருந்து விழுந்தது, விழுந்ததா என்பது காதுக்கு எப்படித் தெரியும்? ஒரு நிமிஷம், கொட்டாதே, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிடலாம் போல இருந்தது அவளுக்கு. ஆசையாகத்தான் இருந்தது. பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்து இரண்டடி வந்து, என்ன நினைத்தாளோ, அங்கேயே நின்றுவிட்டாள்.

"கொட்டிட்டேங்க்கா," என்றாள் ஜெசிந்தா. அவள் அழுதுகொண்டிருந்தாள். "இனி எனக்கு என்னக்கா செய்ய?"

"இன்னைக்கே நம்ம வார்டு டாக்டர்ட்ட சொல்லுவோம். நானும் கூட வாரேன். பெறவு திருநெல்வேலிக்குப் போவோம், ஒரேயடியா நிறுத்த மாட்டாங்க, பயப்படாத."

"வேலை போயிரும்."

"போனாலும் போட்டும்னு என்னால சொல்ல முடியல ஜெசி. தெரியல. ஆனா சொல்லத்தான் செய்யணும்."

தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உலகம்மாள் எழுந்து நின்று இடது காலை ஊன்றிப் பார்த்தாள். ஊன்ற முடிந்தது. இருபது வருஷத்துக்கு மேல் வலிக்கிறதா என்று மற்றவர்களிடம் கேட்டிருக்கிறாளே தவிர, வார்டில் யாரிடமும் அவள் இதைத் தானாகச் சொன்னதில்லை.

"எனக்கு வலிக்குட்டீ. ஒனக்கு?"

"எனக்கும் வலிக்குக்கா."

"சரி. இரு, வாரேன்."